மூலை உடைந்த முன்பல்

ஞாயிறு பூசை தொடங்கியதிலிருந்தே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கூப்பிச் சமாதானம் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லும் அந்த ஒரு நேரத்துக்காக ஜஸ்டஸ் காத்திருந்தான்.

உதட்டுக்குள் புதுப் பல் இருந்தது.

முன் பெஞ்சில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தம்பி டைட்டஸின் முதுகு.

அப்பாவின் வள்ளத்தைப் பங்கு வைத்த அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. டைட்டஸுக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள். ஜஸ்டஸுக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணமும் ஆகவில்லை. டிவியை ஓடவிட்டுக்கொண்டு தனியாகச் சோறு தின்கிறவன்.

ஆனாலும் ஞாயிறுதோறும் டைட்டஸ் அந்த முன் பெஞ்சுக்குத்தான் வருவான். சமாதானம் சொல்லத் திரும்புவான், கை கூப்புவான். அண்ணனின் கண்ணைப் பார்க்க மாட்டான். வாயைத்தான் பார்ப்பான். மூலை உடைந்த முன்பல்லைக் கண்டதும் முகம் செத்துப்போய்க் குனிந்துகொள்வான்.

வள்ளத்தில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் ஜஸ்டஸ் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பங்கு வைத்த அன்று துடுப்பை ஓங்கி அடித்தது டைட்டஸ் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

இந்த உடைசல் மட்டும் மறைந்துவிட்டால் தம்பி நிமிர்ந்து பார்ப்பான், நாலு வார்த்தை பேசுவான். பாவி மனுசனுக்கு ஆசை அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் பல் டாக்டரம்மா மெல்லிசாகப் பீங்கான் ஓடு ஒட்டலாம் என்றார். வெனீர் என்று பெயராம். "பல்லை முன்பக்கம் கொஞ்சம் ராவணும். ராவினா பிறகு பழையபடி ஆகாது, யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது! வாயைத் திறந்து கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினான். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

சாமியார் சமாதானம் சொல்லச் சொல்லிவிட்டார்.

டைட்டஸ் திரும்பினான். கை கூப்பினான். கண் வழக்கம்போல வாய்க்குப் போனது.

ஜஸ்டஸ் பல் தெரியச் சிரித்தான்.

டைட்டஸின் கண் அங்கேயே கொஞ்சம் தடுமாறி, மெல்ல மேலே ஏறி, அண்ணனின் கண்ணுக்கு வந்தது.

"பல்லு சரியாயிட்டா, அண்ணே?"

அண்ணே! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று.

"சரியாயிட்டு மக்கா. இனி ஒண்ணும் இல்ல."

டைட்டஸ் நீளமாக மூச்சு விட்டான். தலையிலிருந்த மீன்கூடையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

பீடத்துக்குப் போய் நற்கருணை வாங்கித் திரும்பியதும் ஜஸ்டஸ் தன் பெஞ்சில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். தம்பியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். நெய்மீன் வாங்கி வைத்திருக்கிறான், ஒற்றை ஆள் தின்று தீராத அளவுக்கு.

டைட்டஸ் வரவில்லை. முன் பெஞ்சுக்கும் வரவில்லை.

கோயிலின் மறுபக்கம், கூட்டாளிகள் நடுவில் உட்கார்ந்திருந்தான். முகம் லேசாகியிருந்தது. இந்தப் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

அந்த உடைந்த மூலைதான் அவனை வாரம் தவறாமல் இங்கே கூட்டி வந்திருக்கிறது.

ஜஸ்டஸின் நாக்கு பழக்கத்தில் அதைத் தேடிப் போனது. வழவழவென்று இருந்தது.

ராவினால் பழையபடி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார்.