கோடு போட்ட பாட்டில்

நான் ஒரு தண்ணீர் பாட்டில். சாதாரண பாட்டில் இல்லை. ஒரு ஆள் எத்தனை மணிக்குள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் கோடு போட்டவன். அடியிலிருக்கும் கடைசிக் கோட்டில் ‘சபாஷ்!’ என்று அச்சடித்திருக்கும். இவ்வளவு படித்த பாட்டிலுக்குத் தலைக்கனம் இருக்காதா?

என்னை வாங்கியவள் தமயந்தி. அவள் ஆபீசில் சாயங்காலமானால் பெண்கள் எல்லாரும் யார் முதலில் குடித்து முடித்தது என்று அவரவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார்கள். தினமும் நான்தான் முதலில் காலி. மற்ற பாட்டில்களை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ஒருநாள் அவள் மேஜை மேலிருந்த செடி ஈனக்குரலில் கூப்பிட்டது.

“அண்ணே, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். வேரெல்லாம் அழுகுது.”

“எனக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்க தண்ணி முழுக்க எனக்குத்தானே வருது! அந்தக்கா ரெண்டு மடக்குக்கு மேல குடிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?”

யோசித்தேன். மூடியைத் திறந்து என்னைச் சாய்ப்பாள். எந்தப் பக்கம் சாய்த்தாள் என்று நான் கவனித்ததே இல்லை. கோடு இறங்குகிறதா என்பதிலேயே இருந்துவிட்டேன்.

“ஏன் குடிக்க மாட்டேங்குறா?”

“குடிச்சா போகணும்ல? இங்க லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாளே இல்லண்ணே.”

அந்த வாரமே செடி செத்துப்போனது. தமயந்தி அதைவிடப் பெரிய செடியாக வாங்கிவந்து வைத்தாள். சாயங்காலம் என்னைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் பார்த்தேன், கைதட்டியவர்கள் ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு செடி மஞ்சளாகி அழுகிக்கொண்டிருந்தது.

ஆனாலும் முதலில் காலியானது நான்தான்.