சிங்காரத்தின் வால்

சிங்காரம் என்ற பல்லிக்குத் தன் வால்மேல் அப்படியொரு கர்வம். பிறந்ததிலிருந்து அது ஒருமுறைகூட அறுந்ததில்லை. காலண்டருக்குப் பின்னால் உடம்பை ஒளித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று வாலை மட்டும் கீழே தொங்கவிட்டிருப்பான்.

அன்று விளக்கு போட்டதும் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. கீழே பூனை காத்திருந்தது. பக்கத்துச் சுவர்ப் பல்லி காத்தாயி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பாய்ந்தாள், ஈசலைக் கவ்வினாள், பிடி தவறித் தரையில் பொத்தென்று விழுந்தாள், வாலைப் பூனையிடம் போட்டுவிட்டுச் சுவரேறி வந்தாள். அவளுக்கு இது புதிதல்ல.

"வெக்கமா இல்லையா உனக்கு?" என்றான் சிங்காரம். "மொட்டையா எப்படித்தான் வெளியே தலைகாட்டுறியோ!"

"வயிறு நிறையுதுல்ல," என்று ஈசலை மென்றாள் காத்தாயி. "நீயும் வாயேன். கொள்ளையா கிடக்கு."

"விழுந்துட்டா?"

"வால் போகும். அப்புறம் முளைக்கும்."

"முளைக்கும். ஆனா அறுந்து முளைச்சதுன்னு நாலு பேர் சொல்வாங்களே!" என்ற சிங்காரம், காலண்டரில் ஒட்டியிருந்த செத்த கொசுவைப் பசியோடு நக்கினான்.

பூனை அண்ணாந்து பார்த்தது. காலண்டருக்குக் கீழே என்னவோ அழகாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரே தாவலில் அதைத் தரைக்கு இழுத்துக் காலால் அமுக்கிப் பிடித்தது.

"வாலை விட்டுட்டு ஓடுடா மடையா!" என்று கத்தினாள் காத்தாயி.

"கொஞ்சம் இரு, யோசிக்கிறேன்," என்றான் சிங்காரம்.

பூனை தலையிலிருந்து ஆரம்பித்து நிதானமாகத் தின்றது. வாலில் சதையில்லை என்று அதை மட்டும் போட்டுவிட்டுப் போனது.

காத்தாயி இறங்கிவந்து பார்த்தாள். வாலில் ஒரு கீறல்கூட இல்லை.