சொட்டுப் பெற்றோல் தேவையில்லை

"வெளிச்சம் தள்ளுமா சேர்? அப்ப இந்த வெயிலுக்கு இந்தக் கியூ முழுக்க இந்நேரம் கண்டிக்குப் போயீக்கணுமே!"

கேட்டவர் பின்வரிசையிலிருந்து நடந்து வந்த ஃபாஸில். மடவளை பெற்றோல் ஷெட்டில், காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த பைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை உலுக்கிய 2022ஆம் வருடம்.

மோகனராஜ் மடுல்கெல்லவில் பௌதிகவியல் ஆசிரியர். 'விண்வெளிப் பயணத்துக்குச் சூரியப் பாய்: சாத்தியமே!' என்று அன்று பின்னேரம் கண்டியில் பேசப்போகிறார். வகுப்பறைக்கு வெளியே அவருக்குக் கிடைத்த முதல் மேடை. பஸ் ஓடவில்லை. பைக்கில் இருந்த பெற்றோலும் மடவளை வரைக்கும்தான் காணும். நல்லவேளை, அவருக்கு முன்னால் கொஞ்சப் பேர்தான்.

வெளிச்சமே அந்தப் பாயைத் தள்ளும் என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னதுதான் ஃபாஸிலின் காதில் விழுந்திருந்தது.

"கண்டிப்பாத் தள்ளும்ங்க. கப்பல்ல கட்டுற பாய் மாதிரித்தான், ஆனா கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்கும். வெளிச்சம் பட்டுத் திரும்புறப்ப ஒரு சின்னத் தள்ளு. சொட்டுப் பெற்றோல் தேவையில்ல!"

அந்த ஒரு வார்த்தை போதும். முன்னால் நின்றவர்களும் பைக்குகளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மர நிழலுக்கு வந்துவிட்டார்கள்.

"எவ்வளவு தள்ளும்?" என்றார் ஃபாஸில்.

"ஃபுட்போல் கிரவுண்ட் அளவு பாய்க்கு, ஒரு கடதாசித் தாள் பாரம்."

"அவ்வளவுதானா? நாலு பேர் சேர்ந்து ஊதினா இதவிட வேகமாப் போகுமே!"

மோகனராஜுக்குச் சுருக்கென்றது. "அங்க தடுக்கிறதுக்குக் காத்தே இல்லைங்க! விடாமத் தள்ளத் தள்ள வேகம் ஏறிக்கிட்டே போகும். ஜப்பான்காரங்க எப்பவோ பறக்கவிட்டுட்டாங்க!"

கைதட்டல். "இது எப்ப நம்ம ஷெட்டுக்கு வரும்?" என்று ஒருவர் ஏக்கத்தோடு கேட்டார்.

"பாய்ல ஓட்டை விழுந்தா? சூரியன் பக்கம் திரும்பி வாறது எப்பிடி? எனக்கு இன்னும் வெளங்கல்ல, செல்லித் தாங்க சேர்," என்று ஃபாஸில் விடவில்லை. மோகனராஜ் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் சூரியனை வரைந்தார்.

"சேர், கியூ நகருது..." என்றபடி முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பைக்கை உருட்டப் போனார்கள்.

"ஒரு நிமிசம் இருங்க!"

பாயை எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று அவர் விளக்கி முடித்தபோது, "பெற்றோல் முடிஞ்சுது!" என்று ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது.

கூட்டம் அலறியடித்து ஓடியது. மோகனராஜின் பைக் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு முன்னால் பம்ப் வரை வெறும் தார் ரோடு. அந்தப் பம்பிலிருந்து கடைசியாக ஒரு ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் ஃபாஸில். பின்னால், நின்ற பைக்குகளை முந்தி ஸ்கூட்டரைப் பம்ப் வரை தனியாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த களைப்பில் வியர்த்து வழிந்தபடி அவர் மனைவி ஜஹானா.

"நீங்க... இங்கதானே கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றார் மோகனராஜ், கையில் குச்சியோடு.

"நானும் ஏ.எல். வகுப்புக்குப் பௌதிகம்தான் படிச்சிக் குடுக்கிறேன் சேர்," என்றார் ஃபாஸில். "எந்தக் கேள்வி கேட்டா ஒரு வாத்தியார் நிப்பாட்டாமப் பேசுவார்னு எனக்குத் தெரியாதா?"