இரைச்சல்

காது மந்தமான மனைவி செங்கமலத்துக்காக நாகலிங்கம் கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தார். ஒயரை மாற்றினார், பிளக்கைத் திருப்பிக் குத்தினார். உர்ரென்ற இரைச்சல் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரின் தகரத்தில் விரலை வைத்ததும் அடங்கியது. எடுத்தால் மறுபடி வந்தது. அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், ஆறு வருடம் கழித்து வீடியோவில் பேசினாள். அலமாரிக்குப் பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயரில் விரலை வைத்தபடி நின்ற அவருக்குத் திரை தெரியவில்லை.

"அப்பா எங்கம்மா? முகத்துல முழிக்காதேன்னு சொன்னதுலயே இன்னும் நிக்கிறாரா?"

விரல் நழுவியது. இரைச்சல் எழுந்தது.

"விரலை எடுக்காதீங்க. இப்பத்தான் புள்ள குரல் கேக்குது," என்றாள் செங்கமலம்.

விரலை மறுபடி வைத்தார். கழுத்தை எட்டினமட்டும் நீட்டினார். திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.