முன்வரிசை இருக்கை

கோத்தா கினபாலுவிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட கடைசி விமானத்தின் பிஸினஸ் கிளாஸில் காலை நீட்டிச் சாய்ந்தார் திருச்செல்வம்.

"அவசரப் பயணமா சார்?" என்றாள் பணிப்பெண்.

"காலையில கிள்ளான்ல அப்பாவுக்குத் தகனம்மா. மூத்தவன் நான்தான் கொள்ளி வைக்கணும். லீவு ஒரு நாள்தான் கிடைச்சிச்சு. உக்காந்துகிட்டே தூங்க முடியாதுலா, அதான் இந்த சீட்டு."

அவள் கண்கலங்கி இன்னொரு தலையணை கொண்டுவந்தாள். அவர் அயர்ந்து தூங்கினார்.

தரையிறங்கியதும் தங்கை மாதவி போனில் கூவினாள்.

"அண்ணே! டாக்டருங்க கைவிட்டு வீட்டுக்கு அனுப்புனாங்களே, நம்ம அப்பா கண்ணு முழிச்சிட்டாரு! கஞ்சி கேக்குறாரு! நீங்க புக் பண்ண மின்சுடலைய கேன்சல் பண்ணிடவா?"

திருச்செல்வம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேன்சல் பண்ணாதே லா. கஞ்சியும் கொடுக்காதே. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே."