புருவ உயரம்

"ஏத்தா, நீ நிக்கிறதையும் அவன் நிக்கிறதையும் பாத்தியா? அவன் நெஞ்சுக்குக்கூட நீ எட்டமாட்ட. சொன்னாக் கேளு, வீட்டுக்குப் போ."

மானகிரி கோயில் திடலில், சிலம்பப் போட்டியின் நடுவர் வேல்பாண்டி கெஞ்சாத குறையாகச் சொன்னார். எதிரே நின்ற நாகஜோதி அசையவில்லை. பழைய சேலைத் துணி சுற்றிய கம்பு ஒன்றை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். இறுதிப் போட்டிக்குக் காத்திருந்த கூட்டம், வேடிக்கை இப்போதே தொடங்கிவிட்டதென்று செல்போன்களைத் தூக்கிவிட்டது.

"எங்கண்ணன் இடத்துல நான் ஆடுறேன் மாமா. ஆளு வராட்டித்தான முத்தரசு அண்ணனுக்குச் சும்மா பட்டம்? அதான் வந்துட்டேன்ல?"

இரண்டு வருடமாகப் பட்டம் அவள் அண்ணன் சின்னக்கருப்பிடம்தான் இருந்தது. அவனும் குள்ளன். பனைமரமாக நிற்கும் முத்தரசின் வீச்சுக்கு அடியில் புகுந்து, இரண்டு தடவையும் கணுக்காலில் தட்டிவிட்டு வந்தவன். போன வாரம் கோட்டையூர் ரோட்டில் பைக்கோடு விழுந்து வலது கை முறிந்துவிட்டது. இப்போது கட்டோடு வீட்டில் கிடக்கிறான்.

முத்தரசு சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"வரட்டும்ணே. ஏ பிள்ளை, இந்தக் கை நீளத்தைப் பாரு. நீ கிட்ட வாரதுக்குள்ள என் கம்பு உன் மண்டையில இருக்கும். காரைக்குடியில இருந்து பள்ளத்தூர் வரைக்கும் தேடிப் பாரு, இந்த உயரத்துல இன்னொருத்தன் இருக்கானா?"

"இல்லண்ணே. உங்க உயரத்துக்கு இந்தப் பக்கம் வேற ஆளே இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க, அவுகளே சொல்லிட்டாக."

கூட்டம் சிரித்தது. முத்தரசும் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"உயரம் இருந்தா வீச்சு தூரமாப் போகும், சரிதான். ஆனா கால் எங்க இருக்குன்னு பாக்கக் குனியணும்ல? எங்கண்ணன் அங்கதான தட்டுனாக!" என்றாள் நாகஜோதி.

வேல்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயால ஆடுற ஆட்டமில்ல இது. மண்டை உடைஞ்சா உங்க ஆத்தாவுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"எங்கண்ணனுக்குக் கை உடைஞ்சதே மாமா, அதுக்கு யாரு பதில் சொன்னா?"

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. பிடிவாதத்தில் அப்படியே அண்ணனை உரித்து வைத்திருக்கிறாள். கை முறிந்தவனுக்குப் பதில் வீட்டு ஆள் ஆடச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. இனி வேறு வழியில்லை.

"சரி, கம்பை அளப்போம்."

அந்தத் திடலில் அதுதான் வழக்கம். சிலம்பக்காரன் மூங்கிலைத் தன் உடம்புக்கு அளந்துதான் வெட்டுவான். தரையில் ஊன்றினால் கம்பின் நுனி அவன் புருவத்துக்கு நேராக நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஆட விடமாட்டார்கள்.

முத்தரசின் கம்பு கச்சிதமாக இருந்தது. ஆனால் எண்ணெய்கூடக் காணாத புது மூங்கில்.

"என்னடா, புதுக் கம்பா?"

"பழசு விரிசல் விட்டுருச்சுண்ணே."

அடுத்து நாகஜோதி சேலைத் துணியைப் பிரித்தாள். வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்த கம்பு. ஊன்றியபோது அது அவள் தலையைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது.

"கொடிக்கம்பத்தைப் பிடுங்கிட்டு வந்துட்டாடா!" என்று எவனோ கத்த, திடலே குலுங்கியது.

முத்தரசு மட்டும் சிரிக்கவில்லை. "அளவெல்லாம் எதுக்குண்ணே? பொம்பளப் பிள்ளை ஆசைப்படுது. வேற கம்பு குடுத்து ஆட விடுங்க. இதைத் தூக்கி அங்குட்டுப் போடுங்க."

வேல்பாண்டிக்கு ஆச்சரியமாக இருந்தது. எதிராளியின் கம்பு ஒரு விரல்கடை கூடினாலும் சண்டைக்கு நிற்கிறவன் இவன். இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பெருந்தன்மை?

"சட்டம்னா சட்டந்தாண்டா. ஏத்தா, இது உன் கம்பும் இல்ல, உங்கண்ணன் கம்பும் இல்ல. யாரு கம்பு இது?"

"அதைக் கேக்கத்தான் மாமா வந்தேன்." நாகஜோதியின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. "எங்கண்ணன் பைக்குல இருந்து தானா விழல. இருட்டுல ரோட்டோரமா நின்னு எவனோ கம்பால அடிச்சுத் தள்ளிட்டான். பஸ் வெளிச்சம் வரவும் இதைப் போட்டுட்டு ஓடிட்டான். ஆளு யாருன்னு தெரியாம யாரைச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம். இது யாரு புருவத்துக்கு நிக்குதுன்னு நீங்களே வச்சுப் பாருங்க மாமா."

சிரிப்பு அடங்கியது. வேல்பாண்டி கம்பை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

முத்தரசு கூட்டத்துக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நழுவப் பார்த்தான். எவ்வளவு குறுக்கியும் அவன் தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரிந்தது.

"குனியாதீகண்ணே," என்றாள் நாகஜோதி. "நிமிந்து நில்லுங்க, அளக்கணும்."