கோடு தொட்ட இடமெல்லாம்

“விடைதான் வந்துருச்சுல்ல, மூடி வை,” என்றாள் ஜெயினம்பு.

பசுமலையில், கல்லூரி அலுவலக வாசல் பெஞ்சு. மகள் சனோபரின் டி.சி.யை வாங்க வந்திருந்தாள். கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார்.

அடுத்த மாதம் கல்யாணம். சிங்கப்பூர் மாப்பிள்ளை. பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருடத்தோடு போதும் என்று முடிவு செய்தது ஜெயினம்புதான். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்குமுன் நாமே நிறுத்திவிட்டால் மரியாதை என்று நினைத்தாள்.

சனோபர் வீட்டில் அழுது பார்த்துவிட்டாள். இப்போது மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சைன் எக்ஸ் சமம் அரை. எக்ஸ், முப்பது டிகிரி.

“அது ஒரு விடைதாம்மா. மிச்சத்தையும் பாத்துட்டு வாரேன்.”

“ஒரு கணக்குக்கு எம்புட்டு விடைடி?”

சனோபர் பையிலிருந்து கருப்புக் கால்குலேட்டர் ஒன்றை எடுத்தாள். பொத்தான்களைத் தட்டி அம்மா பக்கம் சாய்த்தாள்.

சின்னத் திரையில் ஓர் அலை தானாக எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. அதன் குறுக்கே, பாதி உயரத்தில், ஒரு நேர்கோடு ஓடியது.

“கோடு அலையைத் தொடுற எடமெல்லாம் விடை.”

ஜெயினம்பு தஸ்பீஹ் ஓதுகிறவள் போல விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினாள். சனோபர் அம்புக்குறியை அழுத்த அழுத்தப் படம் நகர்ந்தது. புது அலை. புது விடை. ஒரு கைக் கணுக்கள் தீர்ந்தன. மறு கையும் தீர்ந்தது.

“இது எங்க போயி முடியும்?”

“முடியாதும்மா. இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும்.”

ஏர்வாடிக்குப் போனபோது கடலைப் பார்த்திருக்கிறாள். அதற்குக்கூட அக்கரை உண்டென்று சொன்னார்கள்.

“சுப்ஹானல்லாஹ்,” என்றாள், தனக்கே கேட்காத குரலில். பிறகு, “இதை யாருடி குடுத்தா?”

“நீதாம்மா. நிச்சயத்துக்கு சிங்கப்பூர்லருந்து அவுக அனுப்புன பெட்டியில, சென்ட்டுக்கு அடியில கெடந்துச்சே. ரிமோட்டுன்னு நெனச்சு, நம்ம டிவிக்குச் சேரல, காலேஜ் டிவிக்குச் சேருதான்னு பாருன்னு நீதான குடுத்துவிட்ட.”

கிளார்க் வாயைத் துடைத்தபடி படியேறி வந்தார்.

“டி.சி. கேட்டது யாரும்மா?”

ஜெயினம்பு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாங்க இல்ல தம்பி,” என்றாள். “இன்னும் கொஞ்சம் தள்ளுடி.”